எடை மாறாத பேண்டு

எங்கள் வீட்டுக்கும் பேண்டு மாஸ்டர் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் விளக்கு ஆடும். ஆகையால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காதைப் பொத்திக்கொண்டா சமைப்பது? மீதி விஷயமெல்லாம் என் வீட்டுக்காரர் கோவிந்தன் மூலமாக வந்தது. அவர் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் தராசு ஆள். சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவன் தலைமயிரிலோ பல்லிடுக்கிலோ தங்கத்தூளை ஒளித்துக்கொண்டு வருகிறானா என்று பார்க்கிற கூடம் அது. உள்ளே நடப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். யாரிடமும் என்பதில் பெண்சாதி சேர்த்தியில்லை என்று நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

பேண்டு மாஸ்டர் ஏசுபாதம் எங்கள் தங்கச் சுரங்கத்து மாரிகுப்பம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது வயது இருபத்தாறு. பார்த்தால் நாற்பது சொல்லலாம். ஏழு வருஷம் மிஷன் பாட்டுக் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போனவர். மாட்டு வண்டியில் பயணம், கோயில் பெஞ்சியில் தூக்கம், போகிற இடமெல்லாம் அதே பத்துப் பாட்டு, அதே ஆர்மோனியம், அதே உப்பில்லாத உபசாரம். வேலூரில் பட்டாளத்துப் பேண்டுக்காரர் ஒருவரிடம் கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதக் கற்றுக்கொண்டிருந்தார். அதுதான் அவரை இங்கே கொண்டுவந்தது.

கூட வந்தவள் பெண்சாதி சாரா, ஆறு மாசக் கர்ப்பம். இது இரண்டாவது. தலைச்சன் ஆம்பூரில் பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அப்போது ஏசுபாதம் திருநெல்வேலிச் சீமையில் பாடிக்கொண்டிருந்தார். தபால் கார்டு கைக்கு வந்த அன்றைக்கும் சாயங்காலம் ஒரு கூட்டம் இருந்ததாம். பாடினாராம். இதைச் சாரா என்னிடம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், யாருக்கோ நடந்த மாதிரி.

"இந்தத் தபா பக்கத்துல இருந்தா போதும்க்கா. வேற ஒண்ணும் கேக்கல நான் அவர."

அதற்காகத்தான் கம்பெனிப் பள்ளிக்கூடத்துப் பேண்டு மாஸ்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வேலை நிரந்தரமானால் செங்கல் வீடு ஒன்று கொடுப்பார்கள். ஆனால் மூன்று மாசம் தகுதி பார்ப்பார்கள். தேறாவிட்டால் சுரங்க முகாமைவிட்டு வெளியேற வேண்டியது. அவர் மறுபடியும் கோஷ்டிக்கு, அவள் மறுபடியும் ஆம்பூருக்கு. அதுவரைக்கும் எங்கள் தட்டி வீட்டில் பாதி.

பேண்டுக்கென்று கம்பெனியில் ஒரு கமிட்டி இருந்தது. தலைவர் சூப்பிரண்டு துரை. காரியதரிசி ஹெட்கிளார்க் ஜெயகரன். மூன்றாவது அங்கத்தினர் வாட்ச் அண்ட் வார்டு இன்ஸ்பெக்டர் டக்ளஸ். திருட்டுத் தங்கம் பிடிப்பது அவர் வேலை. மூவருக்கும் சங்கீதம் தெரியாது. யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று அப்படி அமைத்தார்களாம்.

முதல் நாள் ஜெயகரன் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் ஏசுபாதம், சங்கீதம் நமக்கு அவசரமில்ல. பேண்டுதான் அவசரம். பக்கத்துக் கம்பெனிப் பள்ளிக்கூடத்துல பேண்டு கீது. நம்ப கிட்ட இல்ல. மூணு மாசத்துல லண்டன்லேர்ந்து டைரக்டர் துரை வர்றாரு. அவரு வண்டியவிட்டு எறங்கும்போது பேண்டு நிக்கணும்."

"ஊதணும்னா பசங்களுக்கு உதடு பழகணும் சார். ஒரு வருஷமாச்சும் வேணும்."

"உதடு உங்க இலாகா. அதுல கமிட்டி தலையிடாது. நிக்கறது எங்க இலாகா."

பன்னிரண்டு பையன்களைப் பொறுக்கியதும் கமிட்டிதான். உயரம் பார்த்துப் பொறுக்கினார்கள்.

வாத்தியங்கள் பெட்டி பெட்டியாக ரயிலில் வந்தன. ஸ்டேஷனில் பெட்டியைத் திறந்து பார்த்த காவல்காரன் விசிலை எடுத்து ஊதிவிட்டான். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாக மின்னுகிறது! டக்ளஸ் குதிரையில் வந்தார். கார்னெட் ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

"மஞ்சளா கீது. கனமா கீது. பளபளன்னு கீது. மூணும் இருந்தா எங்க சட்டத்துல அதுக்கு ஒரே பேருதான்."

"பித்தளைங்க சார்," என்றார் ஏசுபாதம்.

"அத்த நீ சொல்ற. புடிபடறவன் எல்லாரும் அத்தான் சொல்றான்."

கமிட்டி கூடியது. பித்தளை என்பதைக் கமிட்டி ஒப்புக்கொண்டது. ஆனால் மஞ்சள் உலோகம் எதுவும் சுரங்கத்தைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே இருக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. எந்த உலோகம் என்று விதியில் சொல்லவில்லை. விதியைத் திருத்த லண்டனுக்கு எழுத வேண்டும். வாத்தியத்தை உள்ளே வைக்க லண்டனுக்கு எழுத வேண்டாம். ஆகையால் கார்னெட்டுகளும் கொம்புகளும் தங்கக் கட்டி வைக்கிற இரும்பு அறைக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே. வாத்தியம் வேலிக்கு உள்ளே. நடுவில் என் வீட்டுக்காரர், தராசோடு.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னிரண்டு பையன்களும் சோதனைக் கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு, குடுமியை அவிழ், குதி. அப்புறம் வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கையில் கொடுப்பார்கள். சோதனை முடிவதற்குள் அஞ்சேகால் ஆகிவிடும். ஐந்தரைக்கு வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் கால் மணி நேரம் சங்கீதம்.

முதல் நாளே வம்பு வந்தது. பாபு என்று குண்டுப் பையன் ஒருவன், பெரிய கொம்பு அவன் பங்கு. அதைத் திருப்பி நிறுத்தபோது அரை அவுன்ஸ் கூடுதல்.

"கம்மியானா திருட்டு," என்றார் டக்ளஸ். "கூடுனா? கூடுனா அத்தவிடப் பெரிய திருட்டு. வெளியே எடுத்துகினு போறதுக்கு உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்."

"எச்சிங்க சார்," என்றார் ஏசுபாதம். "ஊதுனா உள்ள எச்சி சேரும். கவுத்து ஒதறுனா போயிடும்."

"ஒதறாத! சாட்சி போயிடும்!"

கொம்பைக் கவிழ்க்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு காவல்காரர்கள் தாதுக்கல் பரிசோதிக்கிற ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனார்கள். சுவாமி புறப்பாடு என்று நினைத்துப் பார்வதம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்வரிசைக்காரி, அவளுக்கு எல்லாமே சுவாமிதான். மறுநாள் பரிசோதனை அறிக்கை வந்தது. தண்ணீர் பெரும்பாகம். ராகிக் கூழ் கொஞ்சம். வெற்றிலைச் சாறு அடையாளம். டன் ஒன்றுக்குத் தங்கம் பூஜ்யம். மேற்கொண்டு தோண்டுவது லாபகரமல்ல.

வெற்றிலை போட்டது யார் என்று தனியாக ஒரு விசாரணை நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் வாரம் ஏசுபாதம் ஜாக்கிரதையாக இருந்தார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தானே கவிழ்த்து உதறி, துணியால் துடைத்து, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். அன்றைக்குக் கால் அவுன்ஸ் குறைந்தது. தேய்த்த துணியைப் பறிமுதல் செய்தார்கள். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் எழுத எழுதச் சாராவுக்குப் படித்துக் காட்டுவார். "கனம் பொருந்திய கமிட்டியார் சமூகத்துக்கு. மனிதர்கள் மூச்சு விடுகிறபடியால்…" அதற்குமேல் போகாது. இரண்டு வாரத்தில் மூச்சு விடுவதற்கு ஒன்பது விளக்கம் எழுதினார்.

கடைசியில் கமிட்டி சிக்கலின் வேரைக் கண்டுபிடித்தது. ஜெயகரனே பள்ளிக்கூடத்துக்கு வந்து பையன்களை உட்கார வைத்துப் பேசினார். நானும் ஜன்னலருகில்தான் இருந்தேன். சாணி பொறுக்கப் போனவள்.

"பிள்ளைகளே! வாத்தியத்தால நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நிக்க வச்சா நிக்குது. எடை மாறல. வாசிக்கறதாலதான் எல்லாக் கோளாறும். ஆகையால கமிட்டி வாசிக்கறத நிறுத்தி வச்சிருக்குது. பேண்டு நிக்கல. அது நல்லா நடந்துகினு கீது. இன்னும் சொன்னா, இப்பதான் ஒழுங்கா நடக்குது."

அன்றே எல்லா வாத்தியங்களின் வாயிலும் துணி கட்டி, அரக்கு உருக்கி ஊற்றிக் கம்பெனி முத்திரை குத்தினார்கள். டிரம் ஒன்றுதான் தப்பியது. அது மஞ்சள் இல்லை.

அன்றைக்கு ஏசுபாதம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சாரா கேட்டாள், "இன்னா சொல்றாங்க?"

"ஊதக் கூடாதாம். ஆனா டைரக்டர் துரை வர்றப்போ பேண்டு நல்லா இருக்கணுமாம். நல்லா இல்லன்னா வேலை இல்லியாம்."

"அப்போ?"

"தெரியல சாரா. பாடிப் பாடித் தொண்ட போச்சுன்னு ஊத வந்தேன். இங்க ஊதாம ஊதணும்னு சொல்றாங்க. எனக்கு அசதியா கீது."

அப்புறம் சாரா சொன்னாள்: "ஏங்க, வாயால செய்யச் சொல்லுங்களேன். அவங்க கண்ணுக்குக் கொம்பு. காதுக்கு வாய்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பையன்கள் அரக்கு வைத்த வாத்தியத்தை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வாயாலும் மூக்காலும் ராகம் இழுப்பார்கள். ஒரு வரிசை பம் பம் பம். ஒரு வரிசை தூ தூ தூ. பெரிய கொம்புக்குப் பாபு, சுரங்க ஷாப்டுக்குள் ஆளேற்றிய கூண்டு இறங்குகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். ஏழு வருஷம் செய்து சலித்து எந்த வேலையிலிருந்து தப்பித்து வந்தாரோ அதே வேலையைத்தான் இப்போதும் செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கையை ஆட்டும்போது முகத்தைப் பார்த்தேன். பாவம், தெரிந்துதான் இருந்தது.

எடை? அந்த ஆறு வாரத்தில் ஒரு குன்றிமணி மாறவில்லை. என் வீட்டுக்காரர் சலித்துப்போனார். "தராசு துருப்புடிச்சிடுமோன்னு பயமா கீது," என்றார்.

டைரக்டர் துரை வந்த நாளில் முகாம் முழுக்கத் தோரணம். வண்டியிலிருந்து இறங்கினார். பேண்டு நின்றது. ஏசுபாதம் கையைத் தூக்கினார். பம் பம் பம். டிரம் மட்டும் நிஜமாக அடித்தது. டைரக்டர் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய் ஒரு கார்னெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அரக்கைத் தட்டிப் பார்த்தார். சூப்பிரண்டு துரையிடம் என்னவோ கேட்டார். அவர் நிமிஷக்கணக்காக என்னவோ சொன்னார். ஏசுபாதத்தின் கை அந்தரத்திலேயே நின்றது.

டைரக்டர் துரை பேசியதை ஜெயகரன் தமிழில் உரக்கச் சொன்னார்:

"நான் எத்தனையோ தேசத்துல எத்தனையோ சுரங்கம் பார்த்தவன். எங்க எது வெளிய வந்தாலும் கூடவே எதாச்சும் ஒழுகும். ஒண்ணுமே ஒழுகாத ஸ்தாபனத்த இன்னைக்குத்தான் பார்க்கறேன். இந்தப் பேண்டு ஒண்ணும் எடுத்துக்கறதில்ல, ஒண்ணும் விட்டுக் கொடுக்கறதும் இல்ல. கம்பெனி பங்குதாரர் எல்லாரும் இதக் கேட்டு சந்தோஷப்படுவாங்க. தொழிலாளிகளும் இதப் பார்த்துக் கத்துக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பாபுவுக்கு மூக்கு ஒழுகியது. அதை யாரும் கவனிக்கவில்லை, நல்லவேளை.

வேலை நிரந்தரமாயிற்று. வீடும் கிடைத்தது. ஆனால் கமிட்டி ஒரு பொருத்தம் பார்த்திருந்தது. பொருளுக்குப் பொறுப்பாளி பொருள் இருக்கிற இடத்திலேதானே இருக்க வேண்டும்? ஆகையால் இரும்பு அறைக்குப் பக்கத்தில், வேலிக்கு உள்ளே, ஓடு வேய்ந்த செங்கல் வீடு. சாரா சந்தோஷத்தில் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். நல்ல தடித்த சுவர். ஒன்றும் கேட்காது. அந்த வகையில் நஷ்டம் எனக்குத்தான்.

வேலிக்குள் குடிபோகிறவர்கள் யாராயிருந்தாலும் மேடைத் தராசில் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும். சாரா நிறைமாசமாக ஏறினாள். என் வீட்டுக்காரர் நிறுத்தார். ஆள் ஒன்று என்று சீட்டில் எழுதினார்கள்.

பத்தாம் நாள் பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் பெண் பிறந்தது. மருத்துவச்சியையும் என்னையும் குதிக்க வைத்துச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஏசுபாதம் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே இருந்தார். நான் குழந்தையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தபோது, "அழுவுது," என்றார். "ஆமா, அழுவும்," என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு மாசம் கழித்து ஞானஸ்நானம். கோயில் வேலிக்கு வெளியே. மூவரும் வேலி வாசலுக்கு வந்தார்கள்.

டக்ளஸ் சீட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். "இது எப்போ உள்ள போச்சு?"

"போவல சார். உள்ள பொறந்தது."

"உள்ள போன சீட்டு இல்லியா?"

"எப்படி சார் இருக்கும்?"

ஜெயகரனைக் கூப்பிட்டார்கள். அவர் சாராவையும் குழந்தையையும் தராசில் ஏறச் சொன்னார், பழைய சீட்டோடு ஒப்பிட்டார், முகம் வெளுத்துவிட்டது. "இன்ஸ்பெக்டர், இது விபரீதமா கீது. ஆள் கூடியிருக்குது. எடை கொறஞ்சிருக்குது."

டக்ளஸ் வெகு நேரம் யோசித்தார். "உள்ள போவாம வெளிய வர்றது இந்த வேலிக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான். அது தங்கம். அதுக்கு இன்னா விதியோ அதான் இதுக்கும். பாரா போட்டு அனுப்பு. மூணு மணி நேரத்துல அதே எடையில திரும்பி வரணும். இல்லன்னா வீட்டையும் வேலையையும் கமிட்டி திரும்ப எடுத்துக்கும்."

குழந்தையின் மணிக்கட்டில் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்து, மூவரையும் தனித்தனியாக நிறுத்து ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். தங்கக் கட்டி ரயிலுக்குப் போகும்போது வருகிற துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர் முன்னும் பின்னும். மேற்பார்வைக்கு என் வீட்டுக்காரர். வேடிக்கைக்கு நான்.

பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றினார். என் வீட்டுக்காரர் உடனே துண்டால் துடைத்தார். அதெல்லாம் சரியாகத்தான் போயிற்று. திரும்புகிற வழியில் குழந்தை பசியில் வீரிட்டது. சாரா ஒரு புங்கமரத்தடியில் நின்றுவிட்டாள்.

துப்பாக்கிக்காரன் சொன்னான்: "யம்மா, பால் குடுக்காத. எடை ஏறிடும். இன்னும் அரை மைல்தான்."

சாரா புருஷனைப் பார்த்தாள். செங்கல் வீடு, வேலை, மறுபடியும் கோஷ்டி, ஆம்பூர், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. குழந்தை நீலம் பாரிக்கிற மாதிரி அழுதது.

"குடு," என்றார் ஏசுபாதம். "இந்தக் கமிட்டிக்கு மூச்சுக்கு விளக்கம் எழுதியாச்சு. பாலுக்கும் எழுதிக்கறேன். நீ குடு."

என் வீட்டுக்காரர் துப்பாக்கிக்காரர்களை மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டார். குழந்தை வயிறு நிறையக் குடித்தது.

வாசலில் ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார்கள். குழந்தை மூன்று அவுன்ஸ் கூடுதல். சாரா மூன்று அவுன்ஸ் குறைவு.

டக்ளஸுக்கு மீசை துடித்தது. "கைமாத்தல்! வேலிக்கு வெளிய கைமாத்தல்! ஒருத்தர் கிட்டேர்ந்து எடுத்து இன்னொருத்தர் கிட்ட ஒளிச்சு! பாராவுக்கு முன்னாடியே!"

"பாலுங்க சார்," என்றார் ஏசுபாதம்.

"யாருது?"

"என் பொண்டாட்டிது."

"அவ இருக்கறது வேலிக்குள்ள. அப்போ பாலு உள்ள உண்டானது."

"ஆமாங்க சார்."

ஜெயகரன் பேனாவை மையில் தோய்த்துவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லுகிற உத்தரவுக்குத் தாள் எடுத்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர், முப்பது வருஷத்தில் தராசைத் தவிர எதைப் பற்றியும் வாய் திறக்காதவர், தொண்டையைக் கனைத்தார்.

"துரை, தனித்தனியா நிறுத்தா கணக்கு இடிக்கும். மூணு பேரையும் ஒண்ணா ஏத்திப் பாருங்க."

"எதுக்கு?"

"போறப்போ மூணு சீட்டையும் கூட்டுனா ஒரு எடை வருது இல்லீங்களா? அது மாறாம இருந்தா ஒண்ணும் வெளிய போவல. உள்ளுக்குள்ளதான் சுத்துது."

ஏற்றினார்கள். நடுவில் சாரா, தோளில் குழந்தை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஏசுபாதம். முள் ஆடியது, ஆடி ஆடி நின்றது. ஒரு மயிரிழை மாற்றமில்லை. டக்ளஸ் முட்டி போட்டுப் பார்த்தார். ஜெயகரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

பிறகு எடுத்த தாளை வீணாக்க மனமில்லாமல் ஜெயகரன் அங்கேயே வேறொரு உத்தரவு எழுதி உரக்கப் படித்தார்: "பேண்டு மாஸ்டர், மனைவி, குழந்தை ஆகிய மூவரும் தனித்தனியே நிறுத்தால் எடை பொருந்தாதவர்களாகவும், ஒன்றாக நிறுத்தால் பொருந்துகிறவர்களாகவும் காணப்படுவதால், இனிமேல் இவர்களில் ஒருவரை விட்டு ஒருவர் வேலிக்கு வெளியே போகக் கூடாது. கம்பெனி, மிஷன், வேறு எந்த ஸ்தாபனம் கேட்டாலும் மாஸ்டரைத் தனியாக எந்த ஊருக்கும் அனுப்பலாகாது. மீறினால் தண்டனை."

சாரா புருஷனின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எறங்கலாம்," என்றார் டக்ளஸ். "பின்னால ஷிப்டு ஆளுங்க காத்துகினு கீறாங்க."

ஏசுபாதம் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்னுக்கறோம் சார்," என்றார்.